தடையில்லா மின்னோட்டமும் கட்டுண்ட காந்தமும்

கல்முனைக் கரையோரத்தில் பொழுது சாய்ந்து, மஃரிபுப் பாங்கொலி ஓய்ந்து அடங்கும் வேளையில், மருதமுனை முதல் நிந்தவூர் வரை கடைவீதிகளும் இல்லங்களும் ஒளிபெறுகின்றன. அவ்வொளியைத் தரும் மின்சாரம் தொலைவிலிருந்து வருவது. மேற்கே, மூத்தோர் பட்டிப்பளை ஆறு என வழங்கிய கல்லோயாவை மறித்து, 1949இல் தொடங்கிய திட்டத்தின்படி எழுந்த இங்கினியாகலை அணையிலே நீர் வீழ்ந்து பொறியைச் சுழற்ற, மின்சாரம் பிறக்கிறது. மகாவலி முதலிய ஆறுகளிலும் அனல் நிலையங்களிலும் பிறக்கும் மின்சாரத்தோடு அது கலந்து, கம்பி வழியே காடும் வயலும் கடந்து ஊரை வந்தடைகிறது.

வரும் வழியிலே அது தேய்ந்து வருகிறது என்பதை நேயர்களிற் பலர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். செம்பாயினும் அலுமினியமாயினும், எந்தக் கம்பியும் தன்னூடு செல்லும் மின்னோட்டத்தை ஓரளவு தடுக்கிறது. தடுக்கப்பட்ட ஆற்றல் வெப்பமாகிக் காற்றிலே கலந்துவிடுகிறது. துணி தேய்க்கும் பெட்டிக்குள் அவ்வெப்பம் நமக்கு வேண்டியது. வயல்வெளிக்கு மேலே செல்லும் கம்பியிலோ அது வீண்செலவு. இத்தடையை அடியோடு நீக்க இயலுமா என்ற வினாவுக்கு, இயலும் என இயற்கையே விடை தந்தது 1911ஆம் ஆண்டில். ஆயினும் அவ்விடையைப் பயன்கொள்ள மனிதர்க்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அத்துணைக் காலம் குறுக்கே நின்ற பகை எது? மின்னோட்டம் தானே ஈன்ற காந்தப்புலந்தான்.

மின்னோட்டம் செல்லும் கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகும் என்பதை டென்மார்க்கு நாட்டு அறிஞர் ஏர்ஸ்டெட் 1820இல் கண்டார். மின்னோட்டம் உள்ள இடமெல்லாம் காந்தம் உண்டு. ஒன்றை விட்டு மற்றதைப் பெற முடியாது. மின்விசிறியும் நீரிறைக்கும் பொறியும் இவ்வுறவினாலேயே இயங்குகின்றன. தடையில்லாப் பொருளிலே இதே உறவு வேறொரு முகத்தைக் காட்டிற்று.

ஒல்லாந்து நாட்டு லெய்டன் நகரப் பல்கலைக்கழகத்திலே காமர்லிங் ஓனெஸ் என்ற பேராசிரியர் கடுங்குளிரை ஆராய்ந்து வந்தார். வெப்பநிலையைக் குறைத்துக்கொண்டே சென்றால், நீர் உறையும் நிலைக்குக் கீழே 273 பாகை அளவில் அதற்கு மேலும் குறைக்க இயலாத ஓர் எல்லை வரும். அதனைத் தனிப்பூச்சியம் என்பர். அதிலிருந்து எண்ணப்படும் பாகைகளே கெல்வின் அளவாகும். ஈலியம் என்னும் வாயுவை 1908 யூலை 10ஆம் நாள் ஓனெஸ் திரவமாக்கினார். அத்திரவம் 4.2 கெல்வினிலே கொதிப்பது. உலகில் அதுவரை எவரும் எட்டாத குளிர் அது.

1911 ஏப்பிரல் 8ஆம் நாள், அக்குளிரில் உறைந்த பாதரசத்தின் மின்தடையை ஓனெசும், அளவீடுகளைச் செய்த ஹோல்ஸ்ட் என்பவரும் ஆராய்ந்தனர். ஏறத்தாழ 4.2 கெல்வினிலே தடை திடீரென மறைந்தது. படிப்படியாகக் குறைந்து மெலிந்ததன்று. கருவிகள் காட்ட இயலாத அளவுக்கு ஒரேயடியாக இல்லாதொழிந்தது. பின்னர் வெள்ளீயத்திலும் ஈயத்திலும் இதே இயல்பு காணப்பட்டது. 1914இல் மூடிய ஈயச் சுருளொன்றில் ஒருமுறை எழுப்பிய மின்னோட்டம், மின்கலம் எதுவுமின்றி மணிக்கணக்காகக் குறையாமல் ஓடிற்று. அருகில் வைத்த திசைகாட்டியின் ஊசி அவ்வோட்டம் நிலைத்திருப்பதற்குச் சான்று கூறி அசையாது திரும்பி நின்றது. இத்தகைய பொருள்கள் மீகடத்திகள் எனப்பட்டன.

ஓனெசின் உள்ளத்திலே பெருங்கனவு எழுந்தது. தடையில்லாக் கம்பியைச் சுருளாகச் சுற்றினால், வெப்பமின்றிச் செலவின்றி 100,000 காஸ் வலிமையுள்ள காந்தத்தை ஆக்கலாம் என 1913இல் அவர் கருதினார். இலங்கையில் திசைகாட்டி ஊசியைத் திருப்பும் பூமியின் காந்தப்புலம் ஒரு காசில் பாதிக்கும் குறைவானது என்பதை நினைந்தால் அக்கனவின் பருமன் விளங்கும். ஆனால், சில நூறு காஸ் அளவு புலம் எழுந்த மாத்திரத்தே ஈயத்தின் மீகடத்தும் இயல்பு அழிந்தது, தடை மீண்டது. கம்பியில் ஓடும் மின்னோட்டத்தை மிகுத்தாலும் அதுவே நேர்ந்தது. அம்மின்னோட்டம் தன்னைச் சுற்றி எழுப்பும் காந்தப்புலமே அதனைக் கொல்கிறது என்று அமெரிக்கரான சில்ஸ்பி 1916இல் எடுத்துக்காட்டினார். தன் வயிற்றிற் பிறந்த பிள்ளையே தனக்குக் கூற்றுவனான கதை இது.

இதன் உட்பொருள் 1933இல் பெர்லினிலே துலங்கிற்று. மைஸ்னர், ஓக்சன்பெல்ட் என்ற இருவர், காந்தப்புலத்திலே வைத்துக் குளிரூட்டிய மீகடத்தி தன்னுள் இருந்த புலத்தையே வெளியே தள்ளிவிடுகிறது எனக் கண்டனர். ஆகவே மீகடத்தி தடையற்ற கம்பி மாத்திரமன்று. காந்தத்தை உள்ளே நுழையவிடாத கோட்டையுமாகும். இரண்டாண்டுகளின் பின், நாட்சி ஆட்சியினால் ஜேர்மனியை விட்டகன்று ஒக்ஸ்போர்ட் நகரில் அடைக்கலம் புகுந்திருந்த லண்டன் சகோதரர்களான பிரிட்சும் ஹைன்சும் இதற்குக் கணக்கு வகுத்தனர். புறத்தே காந்தப்புலம் வந்து மோதும்போது, மீகடத்தியின் மேற்பரப்பிலே மின்னோட்டம் தானாக எழுந்து, எதிர்ப்புலத்தை உண்டாக்கி, வந்த புலத்தை உள்ளே அழித்துவிடுகிறது. அம்மின்னோட்டம் ஓடும் தோல், பழைய உலோகங்களிலே ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கிலும் மெல்லியது. மின்னோட்டம் அகத்திலே செல்வதில்லை. வேலி காப்பதுபோல விளிம்பிலேயே செல்கிறது. காந்தத்தைத் தள்ளி நிற்பதற்கு மீகடத்தி ஆற்றலைச் செலவிடவேண்டும். புலம் வலுக்க வலுக்கச் செலவு மிகுந்து, ஓரெல்லையில் கட்டாது போக, கோட்டை வீழ்கிறது. ஈயத்திலும் பாதரசத்திலும் நிகழ்ந்தது இதுவே.

காந்தத்தை முற்றாக விலக்காமல், சிறிது சிறிதாக உள்ளே இடங்கொடுத்துத் தன் இயல்பையும் காத்துக்கொள்ளும் பொருள்கள் உண்டு என்பதைத் தெளிவாகக் கண்டவர் உக்ரேனின் கார்க்கோவ் நகரில் வாழ்ந்த லெவ் சுப்னிக்கோவ். அவரும் துணைவர்களும் 1936, 1937ஆம் ஆண்டுகளில் ஈயத்தோடு பிற உலோகங் கலந்த கலப்பு உலோகங்களைப் பளிங்குகளாக்கி ஆராய்ந்தனர். ஒரு புலம் வரை அவை காந்தத்தை விலக்கின. அதற்கு மேல் காந்தம் மெல்ல மெல்ல உட்புகுந்தது; எனினும் மிக உயர்ந்த இன்னொரு புலம் வரை தடை மீளவில்லை. இன்று உலகெங்கும் பயன்படும் மீகடத்தும் காந்தங்கள் யாவற்றுக்கும் மூலம் இவ்வுண்மையே. ஆனால் அந்த 1937ஆம் ஆண்டிலேயே, ஸ்டாலின் ஆட்சியின் பொய்க்குற்றச்சாட்டில் அவர் கைதாகி, நவம்பரிலே சுட்டுக்கொல்லப்பட்டார். கண்டவர் மறைய, கண்ட பொருளும் நெடுங்காலம் மறந்து கிடந்தது. அறிவு வரலாற்றிலே அறிவீனம் இழைத்த இழப்புகளுள் இது ஒன்று.

இருபது ஆண்டுகள் சென்றன. கின்ஸ்பர்க்கும் லண்டாவும் 1950இல் வகுத்த கோட்பாட்டை அடிப்படையாகக் கொண்டு, மொஸ்கோவில் அலெக்சி அப்ரிக்கோசோவ் என்ற இளைஞர் 1957இல் ஒரு விடை வெளியிட்டார். அது சுப்னிக்கோவின் பழைய அளவீடுகளோடு இயைந்தது. காந்தம் உள்ளே புகும்போது வெள்ளம்போற் பரவுவதில்லை. மெல்லிய இழை இழையாகப் புகுகிறது என்பதே அவ்விடை.

ஆற்றுவாயிலே நீர்ச்சுழிகளைக் கண்டோர்க்கு இது எளிதில் விளங்கும். சுழியின் நடுவே ஒரு குழி. அதனைச் சுற்றி நீர் வட்டமிடுகிறது. மீகடத்தியிலும் அப்படியே. நடுவிலே மீகடத்தும் இயல்பு அற்ற நுண்ணிய தண்டு. அத்தண்டின் வழியே காந்தப்புலம் செல்கிறது. அதனைச் சுற்றித் தடையில்லா மின்னோட்டம் இடையறாது வட்டமிட்டு, காந்தம் அப்பால் பரவாமல் வேலியிடுகிறது. ஒவ்வொரு சுழியும் சுமக்கும் காந்தப்பாயம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. இயற்கை அளந்து வைத்த ஒரே படி அது. புலம் வலுத்தால் சுழி பெருப்பதில்லை. சுழிகளின் தொகை பெருகுகிறது. 10,000 காஸ் கொண்ட ஒரு தெஸ்லா புலத்திலே, ஒரு சதுர மில்லிமீற்றர் பரப்பில் ஏறத்தாழ 48 கோடி சுழிகள் நிற்கும். ஒன்றையொன்று விலக்கும் இயல்பினவாதலால், அவை முக்கோண ஒழுங்கிலே அணிவகுக்கின்றன. 1967இல் ஜேர்மன் நாட்டு எஸ்மானும் ட்ரொய்பிளும் நுண்ணிய காந்தத் தூளைத் தூவி அவ்வணிவகுப்பைப் படமெடுத்துக் காட்டியபோது, அப்ரிக்கோசோவின் கணக்குக் கண்ணுக்கே புலனாயிற்று. அவருக்கு நோபல் பரிசு வந்தது 2003இல்.

காந்தம் புகுந்தும் மீகடத்தி அழியவில்லை, நன்று. ஆனால் அதனூடு மின்னோட்டத்தைச் செலுத்தினால் என்ன நேரும்? இங்கேதான் முழுக்கதையின் முடிச்சும் இருக்கிறது. மின்னோட்டத்தையும் காந்தத்தையும் ஓரிடத்திலே சேர்த்தால், ஒன்று மற்றதைப் பக்கவாட்டிலே தள்ளும். மின்விசிறி சுழல்வது அத்தள்ளலால் அன்றோ? மீகடத்தியிலும் மின்னோட்டம் சுழிகளைத் தள்ளுகிறது. தள்ளுண்ட சுழிகள் இடம்பெயர்ந்தால் ஆற்றல் செலவாகும். மறைந்த தடை வேறு உருவிலே திரும்பிவரும். ஆகவே சுழிகள் அசையாதிருந்தால் மாத்திரமே தடையில்லா மின்னோட்டம் உண்டு.

சாய்ந்தமருதுக் கரைக்கு அப்பால் நிற்கும் தோணிகளை எண்ணிப் பார்க்கலாம். நங்கூரமில்லாத தோணியை நீரோட்டம் இழுத்துச் செல்கிறது. நங்கூரமிட்ட தோணியோ, நீரோட்டம் ஓரளவுக்கு மேற்படும் வரை, ஆடினாலும் இடம்விட்டு அகலாது. நங்கூரம் பற்றுவதற்குக் கடலடியிலே கல்லோ பாரோ வேண்டும். வழுவழுப்பான தரையில் அது பற்றாது. மீகடத்தியிலும் சுழிகள் பற்றிக்கொள்வது அங்குள்ள குறைகளிலேதான். பளிங்கின் ஒழுங்கு பிறழ்ந்த இடம், அந்நியப் பொருளின் துகள், நுண்ணிய வெடிப்பு ஆகியவற்றிலே மீகடத்தும் இயல்பு முன்னரே மெலிந்திருப்பதால், சுழியின் தண்டு அங்கே குறைந்த செலவில் தங்குகிறது. குறையற்ற தூய பளிங்கினால் மிகுந்த மின்னோட்டத்தைக் காந்தப்புலத்திலே தாங்க முடியாது. அடித்தும் இழுத்தும் கலந்தும் குறைபடுத்திய உலோகமே தாங்குகிறது. ஏனைய இடங்களிற் குறை எனப்படுவது இங்கே குணமாகிவிடுகிறது.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்திலே குன்ஸ்லரும் துணைவரும் 1961இல் நியோபியமும் வெள்ளீயமும் சேர்ந்த கம்பியை ஆராய்ந்து, 88,000 காஸ் புலத்திலும் அது சதுர சென்ரிமீற்றருக்கு 100,000 அம்பியருக்கு மேல் தடையின்றிச் செலுத்துவதைக் கண்டனர். ஓனெசின் கனவு நனவாக 48 ஆண்டுகள் சென்றன. அடுத்த ஆண்டில் பீன் என்பார், இத்தகைய பொருளுள் காந்தப்புலம் எவ்வாறு பரந்துள்ளது என்பதற்கு எளிய விதியொன்று தந்தார். கரையிலே மணலைக் குவித்தால், மணிகள் ஒன்றையொன்று பற்றி நிற்கும் வலுவுக்கேற்ற சரிவு உண்டாகிறது. அதற்கு மேற் குவித்தால் சரிந்து விழுகிறது. மீகடத்தியிலும் புலம் விளிம்பில் உயர்ந்து உள்ளே சரிந்து செல்கிறது. அச்சரிவின் செங்குத்தே ஆங்கு ஓடும் மின்னோட்டத்தின் அளவு. நங்கூரங்கள் வலுத்தால் சரிவு செங்குத்தாகிறது, மின்னோட்டம் மிகுகிறது. அதே 1962இல் பிலிப் அண்டர்சன் மற்றோர் உண்மையை எடுத்துரைத்தார். வெப்பத்தின் அதிர்வினால் சுழிகள் இடையிடையே நங்கூரம் நழுவி ஊர்ந்துகொண்டேயிருக்கும்; அதனால் மின்னோட்டம் மிக மெதுவாகத் தேயும். ஈலியக் குளிரிலே அத்தேய்வு பொருட்படுத்தத் தக்கதன்று. ஆகவே வைத்தியசாலைகளில் உடலினுட்புறத்தைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் பெருங்காந்தம் முதலியன இவ்வகைக் கம்பிகளால் அமைந்தன.

ஆயினும் ஈலியம் அரிதானது, விலை மிக்கது. வசதி படைத்த ஆய்வுக்கூடங்களுக்கே அது எட்டியது. தமிழகத்து வத்திராயிருப்பிலே பிறந்து, பளிங்குகளின் காந்த இயல்பை ஆராய்ந்து புகழ்பெற்ற கே. எஸ். கிருஷ்ணன் தலைமை தாங்கிய டில்லித் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தில் 1950களிலே தாழ்வெப்ப ஆராய்ச்சி தொடங்கியது. அத்தகைய இடங்கள் ஆசியாவில் விரல்விட்டு எண்ணத்தக்கன. 1973 முதல் 1986 வரை அறியப்பட்டிருந்த மிக உயர்ந்த மீகடத்து வெப்பநிலை 23 கெல்வினே. அதற்கு மேல் ஏற இயலாது எனப் பலரும் கைவிட்டிருந்தனர்.

அந்நிலையிற்றான் சூரிச் நகரருகே பெட்னோர்ஸ், முல்லர் என்ற இருவர், உலோகத்தை விட்டு, சட்டிபானை இனத்தைச் சேர்ந்த சுட்ட பொருளொன்றை நாடினர். இலந்தனம், பேரியம், செம்பு, ஒட்சிசன் சேர்ந்த அப்பொருளின் தடை 30 கெல்வினையொட்டி வீழத் தொடங்கியதை 1986இல் அறிவித்தனர். 1987இன் தொடக்கத்தில் அமெரிக்காவிலே வூவும் சூவும் தத்தம் குழுவினரோடு இலந்தனத்துக்குப் பதிலாக இத்திரியத்தைச் சேர்த்து, 93 கெல்வினை எட்டினர். காற்றிலே ஐந்தில் நான்கு பங்காய் நிறைந்திருக்கும் நைதரசனைத் திரவமாக்கினால் அது 77 கெல்வினில் கொதிக்கும். ஈலியம் வேண்டியதில்லை, மலிவான நைதரசனே போதும் என்ற நிலை வந்தது. 1987 மார்ச்சு 18ஆம் நாள் நியூயோர்க்கிலே கூடிய பௌதிக அறிஞர் கூட்டம் விடிய விடிய நடந்தது. பெட்னோர்சும் முல்லரும் அவ்வாண்டிலேயே நோபல் பரிசு பெற்றனர்.

மலிந்த குளிர் போதும் என்றவுடன் வாயில் பலர்க்கும் திறந்தது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திலே சி. என். ஆர். ராவும் கங்கூலியும் இவ்வகைச் செப்பு ஒட்சைட்டுக்களின் கட்டமைப்பையும் காந்த இயல்பையும் முன்னரே ஆராய்ந்து வந்தவர்கள். இத்திரியக் கலவையிலே மீகடத்தும் இயல்புக்குரிய பகுதி எது எனப் பிரித்துக் காட்டிய அவர்களது கட்டுரை 1987இல் வெளியாயிற்று. அதே ஆண்டு சனவரியில் பெங்களூரிலே நடந்த அனைத்துலக மாநாட்டில், சுழிகளின் ஊர்வை முன்பு கணித்த அதே அண்டர்சன், இப்புதுப் பொருள்களுக்கு ஒரு புதுக் கோட்பாட்டை முன்வைத்தார். அக்கோட்பாட்டை அவருடனும் சூ என்ற மற்றோர் ஆய்வாளருடனும் சேர்ந்து 1987இலேயே கணித வடிவிலே வளர்த்தவர், சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தோடு நீண்ட தொடர்புடைய ஜி. பாஸ்கரன். இலத்திரன்கள் இரண்டிரண்டாய்ச் சோடி சேர்ந்தே தடையின்றி ஓடுகின்றன. பழைய உலோகங்களிலே அச்சோடிகள் உண்டாவதற்கான காரணத்தை 1957இல் பார்டீன், கூப்பர், சிரிபர் மூவரும் விளக்கினர். செப்பு ஒட்சைட்டிலோ, அக்காரணம் இலத்திரன்களின் காந்த உறவிலேயே பொதிந்துள்ளது என்பது புதுக் கோட்பாட்டின் சாரம். அனைவரும் உடன்படும் முடிவு இன்னும் எட்டப்படவில்லை எனினும், அவ்விவாதத்திலே தமிழகத்துக் குரல் தொடக்கத்திலிருந்தே ஒலித்தது.

1987இல் எழுந்த மகிழ்ச்சியிலே, நாடெங்கும் தடையில்லாக் கம்பிகள் ஓடும் காலம் அண்மித்தது எனச் செய்தித்தாள்கள் எழுதின. அக்காலம் உடனே வரவில்லை. வராமைக்குக் காரணம், மறந்துபோன பழைய பகையே. செப்பு ஒட்சைட்டு காந்தப்புலத்தை எதிர்த்து அழியாது நிற்பதில் ஈடிணையற்றது. ஈலியக் குளிரில் 100 தெஸ்லாவையும் தாங்கும். ஆனால் தாங்கி நிற்பது வேறு, அப்புலத்திலே மின்னோட்டத்தைச் சுமப்பது வேறு.

முதலாவது இடர், வெப்பம். 77 கெல்வின் என்பது நமக்குக் கடுங்குளிராயினும் சுழிகளுக்குக் கோடையே. வெப்ப அதிர்வினால் அவை நங்கூரங்களைவிட்டுத் துள்ளி எழுகின்றன. 1988இல் யெசூருனும் மாலோசெமொபும், இப்பளிங்குகளில் நிலைத்திருக்க வேண்டிய மின்னோட்டம் கண்முன்னே தேய்வதை அளந்து, இதனை மாபெரும் ஊர்வு என்றனர். அண்டர்சன் கூறிய சிற்றூர்வு இங்கே பேருருக் கொண்டது. மேலும் சூடேறினால், பனிக்கட்டி நீராவதுபோலச் சுழிகளின் அணிவகுப்பே உருகிவிடுகிறது. உருகிய சுழிகள் திரியும் பொருள், பெயரளவில் மீகடத்தியாயினும், புலத்தில் மின்னோட்டத்தைத் தடையின்றிச் செலுத்தாது.

இரண்டாவது இடர், அடுக்கமைப்பு. இப்பொருள்களிலே செம்பும் ஒட்சிசனும் சேர்ந்த தட்டுகள் ஒன்றன்மேலொன்றாய் அடுக்கப்பட்டுள்ளன. தட்டின் வழியே மின்னோட்டம் எளிதாய் ஓடும். தட்டுக்குத் தட்டு தாவுதல் அரிது. பிசுமது சேர்ந்த வகையிலே இது மிகுதி. அங்கே தட்டுகளைத் துளைத்து நிற்கும் சுழி ஒரே தண்டாய் நிற்பதில்லை; அடுக்கி வைத்த அப்பங்கள்போலத் தட்டுத்தோறும் ஒரு துண்டாகிறது. அடுக்குக் குலைந்தால் ஒவ்வோர் அப்பமும் தன்வழி போகும். ஒன்றிற் பற்றிய நங்கூரம் மற்றவற்றை நிறுத்தாது.

மூன்றாவது இடர், மணிகளின் எல்லை. சுட்ட பொருளாதலால் இது கோடானுகோடி நுண்பளிங்கு மணிகளால் ஆனது. மணிக்கு மணி தட்டுகளின் திசை வேறுபடுகிறது. அயல்மணிகள் பத்துப் பாகை அளவு பிறழ்ந்தாலே, அவற்றினிடையே தாண்டும் மின்னோட்டம் பெருமளவு வீழ்ந்துவிடும். இந்தியாவிலே பிறந்து கரக்பூரில் பயின்ற பிரவீண் சௌத்ரி, அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்திலே துணைவரோடு இதனை 1988இல் நிலைநாட்டினார். ஒரே திசையில் வளர்த்த மென்படலம் 77 கெல்வினிலும் சதுர சென்ரிமீற்றருக்கு 100,000 அம்பியர் தாங்குவதை அவர் குழு 1987இலேயே காட்டியிருந்தது. ஆகவே குற்றம் பொருளில் அன்று, பொருளின் ஒழுங்கின்மையில்.

பரிகாரமும் இவ்வறிவிலிருந்தே பிறந்தது. உறுதியான உலோக நாடாவின்மேல், திசை ஒழுங்குடைய மெல்லிய அடிப்படலம் இட்டு, அதன்மேல் ஓரிரு மைக்கிரோன் தடிப்பிலே ஒட்சைட்டை வளர்த்தனர். மருதமுனைத் தறியிலே பாவிழைகள் ஒரே திசையில் இழுத்துக் கட்டப்பட்டால்தான் புடைவை நேராக வருவதுபோல, நாடாவின் நெடுகிலும் தட்டுகள் ஒரே முகமாய் நின்றன. பின்பு வேண்டுமென்றே குறைகளை விதைத்தனர். 1991இல் கனத்த அயன்களை எய்து தண்டுவடிவக் குறைகளை உண்டாக்கினால் சுழிகள் உறுதியாய்ப் பற்றப்படும் எனக் கண்டனர். 2004இல் பேரியம் சேர்ந்த மற்றொரு ஒட்சைட்டின் நுண்துகள்களைப் படலத்தோடு வளர்த்து அதே பயனை எளிதிற் பெற்றனர். எல்லையில் ஒழுங்கு, அகத்திலே அளவறிந்த குறை. இவ்விரண்டும் சேர்ந்தபோதுதான் கம்பி பிறந்தது.

நங்கூரமிட்ட சுழிகளைக் கண்ணாற் காணவும் வழியுண்டு. இத்திரிய ஒட்சைட்டால் ஆன கறுப்பு வில்லையொன்றைத் திரவ நைதரசனில் நனைத்து, அதன்மேல் சிறு காந்தத்தைப் பிடித்துவிட்டால், அது ஆதாரமின்றி அந்தரத்தில் நிற்கும். விலக்கும் விசை மாத்திரம் இருப்பின் காந்தம் வழுக்கி விழுந்துவிடும். அது விழாது நிற்பதும், காந்தத்தை உயர்த்தினால் வில்லையும் கூடவே தூக்குண்டு வருவதும், காந்தத்தின் இழைகள் உள்ளே புகுந்து கட்டுண்டு கிடப்பதனாலேயே.

இன்று செப்பு ஒட்சைட்டு நாடாக்கள் செயலில் இறங்கியுள்ளன. ஜேர்மனியின் எசன் நகரில் 2014இல் ஒரு கிலோமீற்றர் நீளமுள்ள மீகடத்தும் வடமொன்று 10,000 வோற்றிலே 40 மெகாவாற்று ஆற்றலைச் சுமக்கும் வகையில் நகரின் மின்வழியோடு இணைக்கப்பட்டது. சாங்காயில் 2021இல் 1.2 கிலோமீற்றர் வடம் இயங்கத் தொடங்கியது. அமெரிக்காவின் புளோரிடாவிலே 2017இல் முற்றும் மீகடத்திகளாலான காந்தமொன்று 32 தெஸ்லாவை எட்டியது. 100,000 காஸ் எனக் கனவு கண்ட ஓனெசுக்கு அது மும்மடங்கு விடை. எனினும் கல்முனை வீதிகளுக்கு இவ்வடம் நாளையே வரும் என எண்ணுதல் கூடாது. குளிரூட்டுவதற்குச் செலவுண்டு. அதுவுமன்றி, நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் வினாடிக்கு 50 முறை அலைந்து மாறுவது. ஒவ்வோர் அலையிலும் சுழிகள் விளிம்பால் நுழைந்தும் அகன்றும் திரிவதால் சிறிது ஆற்றல் அதிலும் வீணாகிறது. திசைமாறா மின்னோட்டத்துக்கே தடை முற்றாக இல்லை.

மின்னோட்டத்தை மறித்த அந்த மெலிந்த எல்லைதானும் வீண்போகவில்லை என்பதைச் சொல்லாமல் இவ்வரலாற்றை முடித்தல் முறையன்று. இரு மீகடத்திகளினிடையே மெலிந்த இணைப்பு இருப்பின், அதனூடு செல்லும் மின்னோட்டம் காந்தப்புலத்தின் மிகச் சிறு மாற்றத்துக்கும் இசைந்து ஏறி இறங்கும். 1962இல் ஜோசப்சன் என்ற பிரித்தானிய மாணவர் கணித்த இவ்விளைவைக் கொண்டு ஸ்குயிட் எனப்படும் நுண்காந்தமானி அமைந்தது. வங்கக்கடலின் மேற்கரையில், சென்னைக்குத் தெற்கே கல்பாக்கத்திலுள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி நிலையத்திலே, ஈலியக் குளிரில் இயங்கும் இத்தகைய கருவிகளை ஆக்கி, காந்தக் கவசமிட்ட அறையுள் மனித இதயமும் மூளையும் எழுப்பும் புலங்களை அளந்துள்ளனர். இதயத்தின் புலம் பூமியின் புலத்திலே ஏறத்தாழப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மூளையினதோ பல கோடியில் ஒரு பங்கு. உடலைத் தொடாமலே அதன் மின்னோட்டத்தைக் கேட்கும் செவி அது. கல்முனை நோக்கி நிற்கும் அதே கடலின் கரையிலே தமிழ் வழங்கும் ஊரொன்றில் இப்பணி நடைபெறுகிறது.

பகையை முற்றாக வெளியே தள்ள முயன்ற ஈயமும் பாதரசமும் சில நூறு காசிலே தோற்றன. பகைக்கு உள்ளே இடம் அளந்து கொடுத்து, கொடுத்த இடத்திலே அசையாது கட்டிவைத்த பொருளே நின்றது, பயனும் தந்தது. வெப்பத்திலும் அவிழாத கட்டுகளை இடும் முயற்சி இன்னும் முடியவில்லை. அடுத்த நங்கூரத்தைக் கண்டுபிடிப்பவர் எந்தக் கரையில் பிறந்தவராயிருப்பார் என்று எவராலும் கூற இயலாது. தோணி ஏன் நகரவில்லை என்று கரையில் நின்று வினவும் பிள்ளை, அவ்வினாவின் பாதியை ஏற்கனவே கேட்டுவிட்டது.